இரண்டு ஷிப்டும்

ஒப்பாரிக்கு நடுவே அழகம்மாள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைக்கிற சாக்கில் பந்தலைப் பார்த்தாள். புருஷன் தங்கமுத்து, தாய்மாமன் சிவசாமி, பக்கத்து வீட்டுக் கிழவர்கள். கிழவர்களைத் தூக்கவே ஆள் வேண்டும்.

உள்ளே பெஞ்சில் அவள் அப்பா வெள்ளைச்சாமி மேஸ்திரி நாடிக்கட்டோடு கிடந்தார். உயிரோடு இருந்தவரை அந்த வாயை யாராலும் கட்ட முடிந்ததில்லை.

"நான் செத்தா ரெண்டு ஷிப்டும் வரும்" என்பது அவர் டீக்கடைப் பேச்சு. நூல் மில் ஓடி, அவர் அதில் மேஸ்திரியாக இருந்த காலத்தில் சொன்னார், சரி. மில்லைப் பூட்டி, ஆட்கள் திருச்சிக்கும் மதுரைக்கும் முந்திரிக்காட்டுக்கும் பிழைக்கப் போய், தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தபோதும் சொன்னார். தெரு சிரித்தது. தெரு என்றால் எதிர்வீட்டுச் சொர்ணவல்லி. மற்றவர்கள் அவள் சிரித்த பிறகுதான் சிரிப்பார்கள்.

அவள் இப்போது அழகம்மாளின் தோளைக் கட்டிக்கொண்டு, காதோரம் கேட்டாள்: "ஷிப்டு வருதா ஆத்தா? இல்ல, தூக்குறதுக்கு வல்லத்திராக்கோட்டையிலேருந்து கூலி ஆள் கொண்டாரச் சொல்லவா?"

"வருவாங்க அத்தை."

"காலையிலேருந்து ஈ மட்டுந்தான் வந்திருக்கு."

அதுவரை முறைக்கு அழுத அழகம்மாள், அதன் பிறகு நிஜமாகவே அழுதாள்.

உச்சிப்பொழுதுக்கு ஆலங்குடி பஸ் பிள்ளையார் கோயில் ஸ்டாப்பில் நிற்காமல் நேரே தெருமுனைக்கு வந்து நின்றது. கண்டக்டர் நாகராசு படியில் தொங்கியபடி, "போற ஊருலயெல்லாம் சொல்லிட்டேன் அக்கா, பின்னாடி வண்டியிலயும் வாராங்க" என்றான். உள்ளிருந்து இறங்கினார்கள், கூரை மேலிருந்தும் இறங்கினார்கள். பஞ்சுத் தூசியில் இருமிக் கிடந்தவர்கள் தொப்பையும் கைக்கடிகாரமுமாக வந்திருந்தார்கள்.

அவர்களில் நல்லதம்பி பெஞ்சருகே போய், "மேஸ்திரி, எந்திரிச்சுப் பாருங்க. இன்னைக்கு ஒரு பய லேட்டில்ல" என்றான். சிரிப்பு வெடித்தது. பேரன் பேத்தி எடுத்தவர் சாவு. சிரித்தால் குற்றமில்லை.

பாடையைத் தூக்கும்போது சண்டை வந்தது.

"தலைமாடு ஏ ஷிப்டுக்கு."

"எங்களைத்தான்டா அதிகமா திட்டினாரு. எங்களுக்குத்தான் உரிமை."

"ஒங்க ஷிப்டு எப்பவும் முண்டியடிக்கிற ஷிப்டுதானே. உள்ள இருக்கவன் வெளிய வாரதுக்குள்ள கேட்டுக்குள்ள பூருவீங்க."

"அதுக்குத்தான் பிடரியில அடிச்சு ஓரமா நிப்பாட்டுனாரே. வந்தவன் நிக்கணும், போறவன் மொதல்ல போகணும்னு."

பெண்கள் தலையிடுகிற இடமில்லை அது. அழகம்மாள் தலையிட்டாள். "முச்சந்தி வரைக்கும் ஏ ஷிப்டு. அங்கேருந்து பி ஷிப்டு. அப்பா இருந்தா அப்படித்தான் சொல்லுவாங்க."

சொர்ணவல்லி கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, தண்ணீர் கொடுக்கச் சொம்பு எடுக்கப் போனாள்.

முச்சந்தியோடு பெண்கள் நின்றுவிட வேண்டும். இடப்பக்கம் கண்மாய்க்கரைச் சுடுகாடு. வலப்பக்கம் மில் ரோடு. கொள்ளிச்சட்டியோடு தங்கமுத்துவும் தப்புக்காரர்களும் இடப்பக்கம் திரும்பினார்கள். தோள் மாறியது. பாடையை வாங்கிய பி ஷிப்டு, பேசிக்கொண்டே, வலப்பக்கம் திரும்பியது. கூட்டமும் பேசிக்கொண்டே பின்னால் போனது. ஒருவருக்கும் உறைக்கவில்லை. மில் ஓடிய வருஷமெல்லாம் அந்த இடத்தில் கால்கள் வேறு பக்கம் திரும்பியதே கிடையாது.

கடைசியாக வந்த சிவசாமிதான் பார்த்தார். "இவனுக எங்கிட்டுப் போறானுக?" என்று கூவ வாயெடுத்தார்.

அழகம்மாள் அவர் துண்டைப் பிடித்தாள். "விடுங்க மாமா."

"அது மில்லுக்குப் போற ரோடு ஆத்தா."

"தெரியும். போயிட்டு வரட்டும்."

பூட்டிய மில்லுக்கு இன்னமும் காவலிருந்த வாட்ச்மேன் ஞானமணி கூட்டத்தைக் கண்டதும் ஸ்டூலிலிருந்து எழுந்து, தொப்பியைத் தேடி மாட்டினான். துருப்பிடித்த கேட்டின் இரண்டு கதவையும் இழுத்துத் திறந்தான். அந்தக் கிறீச்சொலி முச்சந்தி வரை கேட்டது. கண்மாய்ப் பக்கமிருந்து தங்கமுத்து புகையும் சட்டியோடு திரும்பி ஓடிவந்துகொண்டிருந்தான்.

மில்லுக்குள் மேய்ந்த ஆடுகள் திறந்த கேட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பாடையைச் சுமந்தவர்கள் ஓரமாக ஒதுங்கி, கடைசிக் குட்டியும் வெளியே வரும்வரை நின்றார்கள்.