அக்கா நகர்த்திய தொலைநோக்கி

இரவு வானத்தைப் படம் பிடித்துக் கழுவிய, ஈரம் காயாத கண்ணாடித் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும் வானியலாளர் முகம் சுளித்தார். எத்தனையோ சிறுகோள்களைக் கண்டுபிடித்த மனிதர். இந்தத் தகட்டிலோ ஒரு நட்சத்திரம்கூடப் புள்ளியாக இல்லை. எல்லாம் கோடு கோடாக இழுபட்டுக் கிடந்தன.

"அக்கா! இங்க வா. என்ன பண்ணி வச்சிருக்க?"

படம் பிடிக்கும் நேரமெல்லாம் சக்கரத்தில் கை வைத்து, வானத்தோடு சேர்த்துத் தொலைநோக்கியை நகர்த்துவது அக்காவின் வேலை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஐயையோ! முந்தின நாள் வேற ஒரு சிறுகோளைத் துரத்தினோமே, அந்த வேகத்தை மாத்த மறந்துட்டேன்டா."

"நல்லா மறந்த போ!"

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. புதிய சிறுகோள் ஒன்றை இரண்டு இடங்களில் பார்த்திருந்தார். மூன்றாவது இடமும் தெரிந்தால்தான் அதன் பாதையைக் கணக்குப் போட முடியும். அது மங்கிக்கொண்டே விலகிப் போனது. இனி நிலா வெளிச்சம் மறைக்கும், அப்புறம் சூரியன் பக்கம் போய்விடும். விட்டால் போனதுதான்.

"கத்தாத. தூக்கிப் போடறதுக்கு முன்னாடி லென்ஸ் வச்சுப் பாரு. பெரிய கழுகுக் கண்ணாச்சே!"

வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். கோடு, கோடு, மறுபடி கோடு. நடுவே ஒரு புள்ளி. தூசி என்று ஊதினார், போகவில்லை. அதே இரவில் எடுத்த அடுத்த தகட்டை எடுத்தார். அதிலும் இருந்தது, கோடுகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் மாறி. அவர் தேடிய சிறுகோளேதான்.

தொலைநோக்கி நட்சத்திரங்களோடு நகர்ந்தால் அவை புள்ளியாக விழும். தன் போக்கில் நடக்கும் சிறுகோள் கோடாகும். மங்கலான சிறுகோள் என்றால் அதன் சொற்ப வெளிச்சம் கோடு நெடுகச் சிதறி, ஒன்றுமே பதியாது. இது அவ்வளவு மங்கியிருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. நல்லவேளை, பழைய சிறுகோளும் இதுவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில், ஒரே பக்கம் போயின. அக்கா மாற்ற மறந்த வேகத்தால் வெளிச்சமெல்லாம் ஓரிடத்தில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்துவிட்டது. சரியாகச் செய்திருந்தால் தகட்டில் நட்சத்திரங்கள் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

அக்காவின் கையைப் பார்த்தார். இதுவரை கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் குளிரில் விறைத்தது இந்தக் கைதான். அறிவிப்புகளில் வந்ததோ அவர் பெயர் மட்டும்.

கணக்கை முடித்து அறிவிப்பை எழுதினார். முதலில் அக்காவின் பெயர், பிறகு தன் பெயர்.

"என்னடா இது, தப்புப் பண்ணினதுக்குப் பரிசா?"

"இல்லக்கா. இத்தனை வருஷம் சரியாப் பண்ணினதுக்கு."

அக்கா காகிதத்தை இன்னொரு முறை வாசித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"யாராவது வந்து கேள்வி கேட்டா நீதான் பதில் சொல்லணும், ஆமா."