சலவைக்கல்லில் வினிகர்

ஸனிய்யா ஏணியின் மூன்றாம் படியில் நின்று கல்தாயின் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அலெக்சாந்திரியாவின் கிரேக்கக் கல்லறைத் தோட்டத்தில் காலிவாஸ் குடும்பத்தின் கல்லறைக்குத்தான் இவ்வளவு பெரிய சலவைக்கல் சிலை. இடுப்பில் குழந்தையோடு ஒரு தாய், குனிந்து நிற்கும் ஏழைக்கு ரொட்டி நீட்டுகிறாள். அந்தக் குடும்பம் விட்டுப்போன சொத்தில் அமைந்த அறக்கட்டளைதான் இலவசக் கண் ஆஸ்பத்திரியை நடத்தியது. ஸனிய்யாவின் மகன் ஹில்மிக்கு அங்கே ஒரு கண்ணில் அறுவை முடிந்திருந்தது. மற்றது அடுத்த மாதம்.

மறுநாள் ஆத்மாக்களின் சனிக்கிழமை, செத்தவர்களுக்காகப் பூசை வைக்கும் நாள். கூலிக்குத் துடைக்க அவளைக் கூப்பிட்ட காவலர் கிர்கிஸ், வெறும் தண்ணீர் போதும் என்று சொல்லியிருந்தார். அவளுக்குத்தான் மனம் கேட்கவில்லை. வீட்டில் செம்புத் தாம்பாளம் துலக்கும் வினிகரைக் கொண்டுவந்து, கல்தாயின் தலையிலிருந்து ஊற்றினாள்.

காலையில் கல் காய்ந்தபோது முகத்தின் மினுக்கம் போயிருந்தது. கன்னம் உப்புக்கல்போல் சொரசொரத்தது.

கிர்கிஸ் விரலால் தடவிப் பார்த்தார். "தாம்பாளம்னு நினைச்சியாடி? மூஞ்சியையே தின்னுடுச்சே."

"நானே சொல்லிடறேன் பெரியப்பா."

"பேசாம இரு. ஆஸ்பத்திரிச் சீட்டுலயும் அந்த மதாம்தான் கையெழுத்துப் போடணும். பையனுக்கு இன்னொரு கண்ணு பாக்கி இருக்கு."

அறக்கட்டளைச் செயலாளர் மதாம் அர்கிரோ வந்து சிலையைப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். பார்வை மங்கிவிட்டது, பாட்டிலை மாற்றி எடுத்துவிட்டேன் என்றார் கிர்கிஸ். மதாம் கடிந்துகொள்ளவில்லை. வயதாகிவிட்டது, இனி வேறு ஆள் பார்த்துக்கொள்வான், வாசலறையை இன்றைக்கே காலி செய்துவிடலாம் என்று மென்மையாகத்தான் சொன்னார். முப்பத்தொரு வருடமாக கிர்கிஸுக்கு அந்த அறைதான் வீடு. ஸனிய்யா ஏணியைப் பிடித்தபடி தரையைப் பார்த்து நின்றாள்.

பூசை முடிந்ததும் வாசலில் ஏழைகளின் வரிசை நின்றது. வேகவைத்த கோதுமையில் சர்க்கரை தூவி, காலிவாஸ் குடும்பத்தாரின் ஆத்மாவுக்காக மதாமே பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார். துணிமூட்டையோடு வெளியே வந்த கிர்கிஸையும் யாரோ வரிசையில் சேர்த்துவிட்டார்கள். அவர் பொட்டலத்தை வாங்கிச் சிலுவை போட்டுக்கொண்டு, செத்தவர்களுக்காக முணுமுணுத்தார்.

அவருக்குப் பின்னால் ஸனிய்யா. கையில் வாங்கிய பொட்டலம் இன்னும் சூடாக இருந்தது. அவள் நகரவில்லை.

"மதாம், அந்த வினிகரை ஊத்தினது அவர் இல்ல..."

கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. மதாம் அடுத்த ஆளைப் பார்த்தபடியே சிரித்தார்.

"பையனுக்கும் வேணுமா? வாங்கிக்கோ, வாங்கிக்கோ."

இன்னொரு பொட்டலம் அவள் மற்றக் கையில் வந்து உட்கார்ந்தது. பின்னால் நின்றவர்கள் அவளை முன்னே தள்ளினார்கள்.