கட்டல

தலைக்கல்லூரில் வருஷத்துக்கு ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். முதல் மழை விழுந்து சாமை விதைக்கும் நாளில், ஊர்க்கவுண்டர் ஏர்க்கொழுவின் மேல் கை வைத்து, "கட்டனமா?" என்பார். முப்பத்திரண்டு வீட்டு ஜனமும் "கட்டல!" என்று மலை அதிரக் கத்தும். அவ்வளவுதான் சடங்கு. அதன் பிறகே ஏர் இறங்கும்.

நவாபு காலத்தில் ஏர் வரி கேட்டு மலையேறி வந்தார்களாம். அன்றைய ஊர்க்கவுண்டர் தாண்டவராயன், "நாங்க உழற மண்ணுக்கு உனக்கு இன்னாத்துக்குடா வரி?" என்று தண்டல்காரனைத் துரத்திவிட்டார். அடுத்து படை வந்தது. மூன்று நாள் சண்டை. தாண்டவராயன் தலை விழுந்தது, வரி மட்டும் விழவில்லை. தலை விழுந்த இடத்தில் ஊரார் தலைக்கல் நட்டார்கள். பின்னால் வந்த வெள்ளைக்காரனோ இந்த முப்பத்திரண்டு வீட்டுக்காக மூச்சிரைக்க மலையேறவே இல்லை. அதையும் சேர்த்து இவர்கள் தங்கள் வீரக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள், பாவம்.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, நிலம் அளக்க ஒரு தாசில்தார் வந்தார். அவருடைய குமாஸ்தா ஆதிநாராயணன் செங்கத்துக்காரர், நல்ல மனுஷன். முதல் நாளே சடையனைத் தனியாக அழைத்தார். சடையன்தான் இப்போது ஊர்க்கவுண்டர்.

"கவுண்டரே, முன்ன பின்ன வரி கட்டின நிலத்துக்குத்தான் பட்டா. கட்டாதது காடுன்னு எழுதிடுவாங்க. அப்புறம் நீங்க உள்ள கால் வெச்சாலே குத்தம்."

"நாங்க எந்த ராஜாவுக்கும் கட்னதில்லீங்களே!"

"அய்யோ, அத்த வெளிய சொல்லாதீங்க! கட்டனோம், ரசீது தொலைஞ்சிபோச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அய்யா ஒத்துக்குவாரு. நான் ஆச்சு."

அன்று ராத்திரி சடையன் கூழை நகர்த்தி வைத்தார். மனைவி பாஞ்சாலையிடம் மட்டும் சொன்னார்.

"சொல்லிட்டுப் போய்யா," என்றாள் அவள். "மண்ணு போச்சின்னா பிள்ளைங்க இன்னாத்தத் தின்னும்? கல்லையா?"

"சொல்றேன். ஆனா ஊருக்குத் தெரியக் கூடாது. காறித் துப்புவானுங்க."

"ஊராண்டயும் சொல்லிடுய்யா. எல்லாரும் ஒண்ணா சொன்னாத்தான் நிக்கும்."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே, அது சடையனின் வாயை அடைத்துவிட்டது. அந்த மானத்தில் இடி விழ!

மறுநாள் புளியமரத்தடியில் தாசில்தார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஊரே கூடி நின்றது. சடையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தலைக்கல் பக்கம் பார்க்காமல், "கட்டனோமுங்க. ரசீது தொலைஞ்சிபோச்சுங்க," என்று தரையைப் பார்த்து முனகினார். சொல்லும்போதே கண்ணில் நீர் கட்டியது.

ஆதிநாராயணன் பேனாவைத் திறந்தார். காரியம் முடிந்தது என்றுதான் அவரும் நினைத்தார்.

"ரசீது இல்லையென்றால் ஊர் சாட்சி வேண்டும்," என்றார் தாசில்தார். "நான் கேட்டால் பயப்படுவார்கள். நீயே கேள்."

சடையன் திரும்பினார். எப்படிக் கேட்பது? வேறு விதமாகக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. பிறந்ததிலிருந்து அவருக்குத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான்.

"கட்டனமா?"

"கட்டல!"

கிழவன், குமரி, இடுப்புக் குழந்தை, எல்லாம் ஒரே குரல். முன்னால் நடந்த பேச்சு எட்டாத அவர்கள், சர்க்கார் அதிகாரியே தங்கள் சடங்கைக் கேட்க வந்திருக்கிறார் என்ற பூரிப்பில் இன்னும் ஒருமுறை, "கட்டல!" என்று கத்தி, சிரித்து, கை தட்டினார்கள். "கட்டனோம்! கட்டனோம்!" என்று பாஞ்சாலை தொண்டை கிழியக் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

தாசில்தார் சிரிக்கவில்லை. ஆதிநாராயணனைப் பார்த்து, "எழுதும்," என்றார்.

எழுதியாகிவிட்டது. தைக்குள் காட்டு இலாகாக்காரர்கள் வீடுகளை ஒட்டியே எல்லைக்கல் நட்டார்கள். நடந்ததைச் சடையன் அப்போதுதான் ஊரிடம் சொன்னார். யாரும் காறித் துப்பவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

முதல் மழை விழுந்ததும் பொறுக்கமாட்டாமல் சடையன் சடங்கில்லாமலே ஏர் பூட்டினார். ரெண்டு சால் ஓட்டுவதற்குள் பிடித்துவிட்டார்கள். சர்க்கார் காட்டை உழுததற்கு அபராதம். ஏர் மாடு ரெண்டையும் ஓட்டிப்போய், ஒன்றை ஆலங்காயம் சந்தையில் விற்று, அந்த ஊரிலேயே அபராதத்தைச் செலுத்தினார். அவர் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து அனுப்பினார்கள்.

புளி வாங்க வரும் வாணியம்பாடி கலீல் பாய் அங்கே சந்தையில் நின்றிருந்தார். சடையன் காகிதத்தை நீட்டினார்.

"இதுல இன்னா எழுதியிருக்கு பாய்?"

கலீல் பாய் ஒருமுறை படித்தார். அவருக்கும் தலைக்கல்லூர்க் கதை தெரியும். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினார்.

"ரசீது, கவுண்டரே. தலைக்கல்லூர் சடையன் சர்க்காருக்குப் பணம் கட்டியாச்சின்னு போட்டிருக்கு."

சடையன் அந்தக் காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மிச்சமிருந்த ஒற்றை மாட்டை ஓட்டிக்கொண்டு மலையேறினார்.