உண்ணி உதிரும் பருவம்

நவம்பரில் என் மகள் ரோசலி போனாள். கடையில் பால் எடுக்கக் குனிந்தவள் அப்படியே சரிந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. அடுத்து வந்த ஏப்ரலில் அவள் புருஷன் நோலனும் நானும் மலைமேல் இருக்கும் குட்டைக்கு ஏறினோம்.

அங்கே அவள் பாதியில் விட்டுப்போன வேலை ஒன்று இருந்தது. போன ஜூனில் அந்தக் கரையில், பிறந்து சில நாளே ஆன மூஸ் மான் கன்று ஒன்றைப் படம் எடுத்திருந்தாள். செம்மண் நிறம், உடம்பெல்லாம் கால். தாயின் வயிற்றுக்கடியில் நின்றுகொண்டு கேமராவையே பார்க்கும். "குளிர் முடிஞ்சதும் இதே கன்னுக்குட்டியை இன்னொரு தடவை எடுக்கணும்ப்பா. அடுத்த குட்டி போட்டா தாய் இதைத் துரத்திடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நோலன் மே மாதம் தெற்கே பாலைவனப் பக்கமிருக்கும் நியூ மெக்ஸிகோவுக்குக் குடிபோவதாக இருந்தான். போவதற்குள் அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும் என்று அவன்தான் கேட்டான். எனக்கு இஷ்டமில்லை. கல்லறை மண் இறுகுவதற்குள் ஊரைக் காலி பண்ணுகிறவனோடு எனக்கென்ன நடை? என் மனைவி கோரின்தான் பிளாஸ்கில் காபியை ஊற்றிக் கையில் திணித்தாள். "போயிட்டு வாங்க. அவனுக்கு மட்டும் யாரு இருக்கா?"

மேயின் மாநிலத்தின் வடக்கே ஏப்ரல் என்றால் கீழே சேறு, மேலே பனி. காலையில் பாறை மாதிரி இருந்த பனி வெயில் ஏறியதும் இளகிவிட்டது. பாதி வழியில் நான் இடுப்புவரை புதைந்துபோனேன்.

"மாமா, வழி காட்டுறீங்களா, கிணறு வெட்டுறீங்களா?"

"கையைக் குடுடா. பாலைவனத்துக்குப் போறவனுக்குப் பனியைப் பத்தி என்ன பேச்சு?"

அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. என்னை இழுத்து வெளியே போட்டான். அதன்பிறகு ரோசலியின் கேமராப் பையையும் ஸ்டாண்டையும் சுமந்துகொண்டு முன்னால் போனான். நான் அவன் கால்தடத்தில் காலை வைத்து ஏறினேன்.

குட்டையின் நடுவில் பனிக்கட்டி இன்னும் உருகவில்லை. ஓரத்தில் மட்டும் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. கரையில் தாய் மூஸ் நின்றது, வயிறு புடைத்து. அதன் காலடியில் கன்று படுத்துக் கிடந்தது. கழுத்தும் தோளும் வெளுத்திருந்தன. மரத்தில் தேய்த்துத் தேய்த்து ரோமமெல்லாம் போயிருந்தது. கன்றைச் சுற்றிப் பனியில் ரத்தப் புள்ளிகள்.

"உண்ணி" என்றான் நோலன்.

இப்போதெல்லாம் முதல் பனி தாமதமாக விழுகிறது. அதுவரை உண்ணிகள் புதரில் உயிரோடு காத்திருந்து, போகிற மானின் மேல் ஏறிக்கொள்கின்றன. குளிர்காலம் முழுக்கக் குடித்துவிட்டு ஏப்ரலில் திராட்சை போல் உப்பி உதிரும். பெரிய மான் பிழைத்துவிடும். கன்றுக்கு அவ்வளவு ரத்தம் ஏது?

நான் கையுறையைக் கழற்றினேன். பிடுங்கிப் போடலாம் என்று நினைத்தேனோ என்னவோ, கன்றை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டேன். தாய் காதை மடக்கியது, பிடரி சிலிர்த்தது. நோலன் பின்னாலிருந்து என் கோட்டைப் பிடித்து இழுத்தான். இரண்டு பேரும் பனியில் விழுந்தோம்.

"மிதிச்சே கொன்னுடும் மாமா! ஒண்ணும் பண்ண முடியாது. ஆயிரக்கணக்குல இருக்கும் அதுமேல."

"ஒண்ணும் பண்ண முடியாது, ஒண்ணும் பண்ண முடியாது! ஆஸ்பத்திரியிலயும் இதையேதான் சொன்னாங்க. நீயும் தலையாட்டிக்கிட்டு நின்ன!"

அவன் எழுந்து உட்கார்ந்தான். மூக்கைப் புறங்கையால் துடைத்தான்.

"உங்ககிட்ட ராத்திரிதான் சொன்னாங்க. என்கிட்ட மத்தியானமே சொல்லிட்டாங்க."

"என்ன மத்தியானமே?"

"அவ மத்தியானமே போயிட்டா மாமா. நீங்க ரெண்டு பேரும் கொட்டுற மழையில வண்டி ஓட்டிக்கிட்டு வந்துட்டிருந்தீங்க. நான்தான் டாக்டர்கிட்ட கெஞ்சினேன். அப்பா அம்மா வர்ற வரைக்கும் மூச்சு மெஷினை நிறுத்தாதீங்க, கை சூடா இருக்கட்டும்னு."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அவள் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கை சூடாக இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, சின்ன வயதில் ஒரு தடவை கையுறை இல்லாமல் விளையாடி விரல் விறைத்ததற்காக அவளைத் திட்டியதையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் கேட்டாள் என்றே நம்பினேன். எனக்காகக் காத்திருந்தாள் என்று சவ அடக்கத்துக்கு வந்த அத்தனை பேரிடமும் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டு இவன் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

"ஏன்டா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நம்ம ஊர்ல எந்தத் தெருவுல போனாலும் யாராவது வந்து 'அப்பா வர்ற வரைக்கும் உயிரைப் பிடிச்சிருந்தாளாமே'ங்கறாங்க. ஆமான்னு சொல்லிச் சொல்லி... என்னால முடியல மாமா. அதான் போறேன்."

எனக்கு அவன்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பிளாஸ்கைத் திறந்து மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். அவன் ஒரே மூச்சில் குடித்தான். மறுபடி ஊற்றினேன்.

வெயில் சாய்வதற்குள் கன்று அடங்கிவிட்டது. கடைசியாக ஒருமுறை பின்காலை உதைத்தது, அவ்வளவுதான். தாய் மூக்கால் அதன் முதுகைத் தள்ளிப் பார்த்தது. கொஞ்சம் நகர்ந்துபோய் நின்றது. திரும்பி வந்து இன்னொரு தடவை தள்ளியது.

நோலன் கேமராவை ஸ்டாண்டில் மாட்டியிருந்தான். விரலை வைத்தவன் அழுத்தாமல் என்னைப் பார்த்தான்.

"எடு. அவளா இருந்தா எடுத்திருப்பா."

"எடுத்துட்டு வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா அழுதிருப்பா."

ஒரே ஒரு படம் எடுத்தான். சத்தத்துக்குத் தாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மீண்டும் குனிந்துகொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினோம். வழியில் இரண்டு இடத்தில் வழுக்கினேன். இரண்டு முறையும் அவன் தோள் இருந்தது. வண்டியருகே வந்ததும், "மூட்டை கட்ட ஆள் வேணும்னா கூப்பிடு" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

வீட்டில் கோரின் வாசலிலேயே என் பூட்ஸைக் கழற்ற உட்கார்ந்துவிட்டாள்.

"கன்னுக்குட்டியைப் பாத்தீங்களா?"

"செத்துப்போச்சு. உண்ணி."

அவள் என் ஈரப் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "அவ ஒருத்திதான் போறப்போகூட நமக்காகக் காத்துக்கிட்டிருந்தா" என்றாள்.

நான் குனிந்து அவள் தலையில் கை வைத்தேன். "ஆமாம்" என்றேன்.