கசக்கிற காய்

அந்தச் செடி கத்தரிக்குத் தூரத்துச் சொந்தம். இலையெல்லாம் முள், காய் சுண்டைக்காய் அளவு. ஆய்வுக்கூடத்தின் பின்கட்டில் அதைத் தொட்டிகளில் வளர்த்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதுதான் தங்கையின் உத்தியோகம். பழம் எலிகளின் சர்க்கரையைக் குறைத்தது. காயோ எலிகளையே குறைத்தது.

"உன் முள்ளுச் செல்லம் சௌக்கியமா?" என்று அத்தான், அதாவது அக்காவின் கணவர், பார்க்கும்போதெல்லாம் கிண்டல் செய்வார். காலில் ஆறாத சர்க்கரைப் புண் வந்து, பாதத்தை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து கிண்டல் நின்றுபோயிற்று. அக்கா வந்து அழுதாள்.

"மனுஷங்களுக்கு இன்னும் குடுத்துப் பாக்கலக்கா."

"கால் போறதுக்கு அது தேவலடி."

தங்கைக்கு மனசு இளகியது. பொய் சொல்வானேன், மனுஷ உடம்பில் வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆசையும் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. ஒரு தொட்டியையே தூக்கிக் கொடுத்தாள். "பழுத்ததை மட்டும் குடு, தினம் ஒண்ணு" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. விஷம் என்ற சொல் காதில் விழுந்தால் அக்கா தொட்டியைத் தொடவே மாட்டாள்.

சர்க்கரை இறங்குகிறது என்று அக்கா போனில் துள்ளினாள். தங்கைக்கும் கால் தரையில் பாவவில்லை. அப்புறம் ஒரு மத்தியானம் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தாள். அத்தானுக்கு ஓயாத வாந்தி, பிதற்றல், நாடி விழுந்துகொண்டே போகிறது.

"பழம்தானே குடுத்த?" என்று தங்கை வராந்தாவில் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"முதல்ல பழம்தான். அப்புறம் ஒண்ணு கடிச்சுப் பாத்தேன், தித்திச்சுது. சர்க்கரைக்காரருக்கு யாராவது தித்திப்பு குடுப்பாங்களா? நீதான் மாத்திச் சொல்லிட்டேன்னு நெனச்சேன். அதான் நல்லாக் கசக்கிற காயாப் பறிச்சு ஒரு கை அரைச்சுக் குடுத்தேன்."

டாக்டர் வெளியே வந்து, "என்ன செடிம்மா அது?" என்றார். வாயைத் திறந்தால் வேலை போய்விடும். போய்த் தொலையட்டும் என்று தங்கை திறந்தாள். காயில் இருக்கும் விஷம், அது இதயத்தைப் பிடிக்கும் விதம், எத்தனை காயில் எலி சாகும் என்பது வரை மளமளவென்று கொட்டினாள். டாக்டர் உள்ளே ஓடினார்.

அக்காவின் அழுகை நின்றுவிட்டது.

"எலி எத்தனையில சாகும்னு மனப்பாடமா வச்சிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேடி."



அத்தான் அன்று சாயங்காலமே போய்விட்டார். இரண்டு காலும் முழுசாகத்தான் இருந்தன.