கிளிப் போட்ட அத்தியாயம்

எங்கள் மாடியில் மூன்றாவது வீட்டில் இருப்பவர் எக்ஸ்ரே அக்கா. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. பகலெல்லாம் "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று ஊரை மிரட்டிவிட்டு, சாயங்காலம் ஒரு நாவலைத் திறந்து தானே மூச்சைப் பிடித்துக்கொள்வார். எனக்குப் புத்தகம் என்றால் முதல் பக்கத்திலேயே கொட்டாவி.

அக்காவுக்குப் பிடித்த எழுத்தாளர்கள் மூன்று பேர். ஒருவர் செத்துப்போனார். ஒருவர் சினிமாவுக்கு வசனம் எழுதப் போனார். அக்காவுக்கு இரண்டும் ஒன்றுதான். மிச்சம் இருந்தவரின் புது நாவல் வருகிற அன்று அக்கா லீவு போட்டுவிட்டு, கடை திறக்குமுன் வாசலில் நிற்பார். அவர் வீட்டுக்காரர் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். "ஊர் மீட்டரையெல்லாம் நான் படிக்கிறேன், என்னைப் படிக்கத்தான் வீட்டுல ஆள் இல்ல" என்பார் என்னிடம். நானும் உச்சுக்கொட்டுவேன். அப்போதுதானே மேற்கொண்டு விஷயம் வரும்.

அக்காவிடம் ஒரு கிறுக்குப் பழக்கம். புது நாவலைக் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்தி, மிச்சப் பக்கங்களைச் சேர்த்துத் துணி கிளிப் மாட்டிவிடுவார். அடுத்த நாவல் கைக்கு வந்தால்தான் கிளிப்பை எடுப்பார்.

"ஏன்க்கா இப்படி?"

"முடிச்சுட்டா அப்புறம் எதை வச்சு நாளை ஓட்டறது?"

கடைசியாக வந்தது ஓர் அக்கா தங்கை கதை. வீட்டுப் பங்கில் பேச்சை முறித்துக்கொண்டவர்கள். இருபது வருஷம் கழித்து அக்காக்காரி தங்கை வீட்டுக்குக் கிளம்புகிறாள். அங்கே கிளிப். அது ஒன்பது வருஷம் அப்படியே கிடந்தது. போன மாதம் பேப்பரில் ஓரமாக நாலு வரிச் செய்தி: எழுத்தாளர் காலமானார்.

இனி அடுத்தது இல்லை. அக்கா லீவு போட்டார். நான் ஏணி கேட்கிற சாக்கில் மத்தியானம் உள்ளே நுழைந்தேன். கிளிப் மேஜைமேல் இருந்தது. அக்கா பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு" என்றார்.

பார்த்தேன். அக்காக்காரி கதவைத் தட்டக் கையை ஓங்கியபடி இருநூற்று நாற்பதாம் பக்கம் முடிகிறது. எதிரே நூற்றுத் தொண்ணூற்று மூன்று. அதிலிருந்து பதினாறு பக்கம், ஏற்கெனவே படித்ததுதான் மறுபடி. அத்துடன் அட்டை.

அக்கா கடைக்காரருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டது என் புண்ணியம்.

"அந்த லாட்டாம்மா? கடைசிப் பதினாறு பக்க ஃபாரத்தை மாத்தி வச்சு பைண்ட் பண்ணிட்டாங்க. எல்லாரும் அந்த வாரமே வந்து மாத்திட்டுப் போயிட்டாங்களே. நீங்க ஏன் வரல?"

"நான் பார்க்கல."

"காசு குடுத்து வாங்கினதைப் பார்க்கலையா?"

அக்கா வேறு பிரதி கிடைக்குமா என்று கேட்டார். பதிப்பகத்தை எப்போதோ மூடிவிட்டார்களாம். மீந்த பிரதிகளை எடைக்குப் போட்டாயிற்றாம்.

"நீங்க படிச்சீங்களா? தங்கச்சி கதவைத் திறந்தாளா?"

"திறந்தா மாதிரிதான்... இல்ல, வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிருந்தாளோ? வேற ஏதோ கதையோட குழம்புதும்மா. ஆனா முடிவு நல்லா இருந்துச்சு."

மறுநாள் நூலகத்துக்கு நானும் கூடப் போனேன். அங்கே இருந்ததும் அதே லாட். ஆறு பேர் எடுத்துத் திருப்பிக் கொடுத்ததாக முத்திரை இருந்தது. ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லையாம். அந்த ஆறு பேரும் யாரென்று விசாரிக்க எனக்கே மனசு வரவில்லை.

அதன்பிறகு அக்கா புத்தகம் எதையும் தொடவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டார். "பேரே கேள்விப்பட்டதில்லையே" என்றவர்கள்தான் அதிகம்.

"வேற எழுத்தாளர் கிடைக்காமலா போயிடுவாங்க, அக்கா?" என்றேன்.

"முப்பத்திரண்டு வருஷம் ஒருத்தர்கூட இருந்தேன். இனிமே யாரைப் போய்ப் பழகறது?"

வீட்டுக்காரர் ஒரு டம்ளர் தேநீரோடு வந்து நின்றார். பாவம், மனுஷனுக்குத் தாங்கவில்லை.

"திறந்திருப்பாம்மா. கூடப் பிறந்தவ இல்லையா."

"எங்க படிச்சீங்க?"

"சும்மா சொன்னேன்."

"சும்மா சொல்லாதீங்க" என்றார் அக்கா. கோபமில்லை, குரலே இல்லை. "அவர் எழுதி வச்சிருந்தார். என் கையிலயும் குடுத்தாங்க. மாத்திக்க ஒரு வாரம் இருந்துச்சு."