லுவாவின் பேச்சு

1967இல், எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, சைகோனில் ஐந்து நாட்கள் நான் வேறொருவருக்கு மகளாக இருந்தேன். அவர் பெயர் தோவா. நான் அத்தை என்று கூப்பிட வேண்டியவர். அந்த ஐந்து நாளும் ஊருக்கு அவர் என் அம்மா.

அத்தை, படைமுகாமின் வாசலுக்கு எதிரே இருந்த தையல்கடையில் வேலை பார்த்தார். அதிகாரிகளின் சட்டைகளில் படைப்பிரிவுச் சின்னங்களைத் தைப்பார். எந்தப் பிரிவு புதிதாக வந்திருக்கிறது, எது கிளம்புகிறது என்பதை அந்தச் சட்டைகளே சொல்லிவிடும். மனதில் குறித்துக்கொண்டு, சந்தையில் வள்ளைக்கீரை வாங்குகிற சாக்கில் என் அப்பாவிடம் சொல்வார். அப்பா சைக்கிள் ரிக்சா ஓட்டினார். செய்தி அவர் மூலம், அரசை எதிர்த்துக் காட்டிலிருந்து போரிட்ட எங்கள் ஆட்களுக்குப் போகும்.

அத்தைக்குச் சொந்த ஊர் வடக்கே குவாங் ஙாய். சைகோனில் அவருக்கு ஒரு தெருகூடத் தெரியாது. வாயைத் திறந்தால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும் என்பதால், குண்டுக்குப் பயந்து ஓடிவந்த அகதி என்றே அவருடைய அடையாளத் தாள்களில் எழுதியிருந்தார்கள். மகள் லுவா, வயது ஏழு, பின்னால் வருவாள் என்றும் எழுதியிருந்தது. எழுதியபோது அது உண்மைதான். அத்தை நகரத்துக்கு வந்த மூன்றாவது வாரம், ஊரில் விழுந்த குண்டில் லுவா இறந்துபோனாள்.

அதைச் சந்தையில் வைத்துச் சொன்னவர் என் அப்பா. கீரைக்கட்டைக் கையில் பிடித்தபடியே அத்தை கேட்டுக்கொண்டாராம். கடைக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

இரண்டு மாதம் கழித்து, வட்டாரப் போலீஸ்காரன் கியெம் குடும்பப் பதிவேட்டோடு வந்தான். வீட்டில் உள்ள எல்லோரையும் சேர்த்துப் படம் எடுத்து அதில் ஒட்ட வேண்டும் என்று புது உத்தரவு.

"புத்தகத்துல ரெண்டு பேரு, வீட்டுல ஒருத்தரு. இன்னொருத்தர் எங்கேக்கா? காட்டுல துப்பாக்கி துடைக்கிறாளா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டானாம். சனிக்கிழமைக்குள் பிள்ளை வந்தாக வேண்டும் என்றான்.

இறந்துவிட்டாள் என்று சொன்னால் சான்றிதழ் கேட்பார்கள், ஊரில் விசாரிப்பார்கள், அத்தை யாருடைய ஆள் என்பது வெளிவந்துவிடும். கடையை விட்டு வரவும் இயக்கத்தின் மேலிடம் அனுமதிக்கவில்லை. அப்பாவுக்கு வேறு வழி தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் என்னை ரிக்சாவில் ஏற்றிக்கொண்டுபோய் அத்தையின் சந்து முனையில் இறக்கிவிட்டார். அன்றிலிருந்து என் பெயர் லுவா. என் பேச்சு சைகோன் பேச்சு என்பதால் வாயே திறக்கக்கூடாது. குண்டுச் சத்தத்தில் பேச்சு நின்றுவிட்டது என்று அத்தை அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தார்.

என்னை அவர் அதிகம் பார்க்கவில்லை. சோறு போட்டார், மீன்குழம்பில் முள் எடுத்துத் தந்தார். தலை பின்னத் தொடங்கிப் பாதியில் கையை எடுத்துக்கொண்டு, மீதியை நீயே பின்னிக்கொள் என்றார். தகரக் கூரை போட்ட வீடு. பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். சந்தில் பூட்ஸ் சத்தம் வரும்போதெல்லாம் அத்தை ஊசியை அந்தரத்தில் நிறுத்திவிடுவார். சத்தம் தாண்டிப் போனபிறகுதான் அடுத்த தையல் விழும்.

வியாழன் மாலை குழாயடியில் கியெம் என்னைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து தேங்காய் மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, என் அம்மா பழக்கியிருந்தபடி, "நன்றி மாமா" என்றேன்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது. கியெம்மின் கை நீட்டியபடியே நின்றது. குடத்தோடு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மூத்திரம் போய்விட்டது.

அத்தை குடத்தைக் கீழே போட்டார். ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"எம்பிள்ள பேசிட்டா! எம்பிள்ள பேசிட்டாளே!"

முழங்காலிட்டு, என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அந்த அழுகை நிற்கவே இல்லை. அது நடிப்பு இல்லை என்று ஏழு வயதில்கூட எனக்குப் புரிந்தது. அவருடைய உடம்பு அப்படி உதறியது. சுற்றி நின்ற பெண்களும் அழுதார்கள். கியெம் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான். நான் சொன்னது இரண்டே சொல் என்பதால் பேச்சின் சாயலை யாரும் கவனிக்கவில்லை.

தப்பித்தோம் என்று நினைத்தால், அங்கேதான் வினை. தன் மிட்டாயால் ஊமைப் பிள்ளை பேசியது என்று கியெம் சந்து முழுவதும் சொல்லித் திரிந்தான். சனிக்கிழமை இரண்டு மிட்டாய் கொண்டுவந்து, இரண்டு வாக்கியம் பேச வைப்பதாகப் பந்தயம் கட்டினான்.

மறுநாள் அத்தை காய்ச்சல் என்று சொல்லி வேலைக்குப் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு என்னை எதிரே உட்காரவைத்தார். நானே கேட்டேன்: "லுவா எப்படிப் பேசுவா அத்தை?"

கதவு சாத்தியிருக்கிறதா என்று அவர் இன்னொரு முறை பார்த்தார். பிறகு, சின்னப் பிள்ளை சிணுங்குகிற மாதிரி ஒரு குரலில், "எம்மா, எனக்குப் பசிக்கி. சோத்தத் தாங்களேன்" என்றார்.

திருப்பிச் சொன்னேன். இல்லை, கடைசியில் இழுக்க வேண்டும் என்றார். இழுத்தேன். அன்று முழுவதும் அப்படியே போயிற்று. லுவாவுக்கு ஆட்டைக் கண்டால் பயம், கோபம் வந்தால் "போங்க, ஒங்ககூட பேச மாட்டேன்" என்பாள், ர வராது. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். நடுநடுவே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். பொழுது சாயும்போது நான் சொன்ன ஒரு சொல்லைக் கேட்டுச் சட்டென்று திரும்பிப் பார்த்தார். நன்றாக வந்துவிட்டது, போதும் என்றார்.

சனிக்கிழமை படக்காரனோடு கியெம் வந்தான். சந்தே வாசலில் கூடியிருந்தது. மிட்டாயைக் காட்டி, ஊரில் என்ன சாப்பிடுவாய் என்று கேட்டான். அத்தையின் விரல்கள் என் தோளில் பதிந்திருந்தன, வலித்தது.

"வள்ளிக்கெழங்குதான் மாமா. எங்கூட்டுல சோத்துக்கே வழி கெடயாதுல்லா" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கியெம் பந்தயத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் பதிவேட்டை விரித்து முத்திரை குத்தினான். அத்தையின் விரல்கள் மட்டும் இளகவே இல்லை. படத்திலும் அப்படித்தான் நிற்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்று மதியமே, ஒரு மாமா வீட்டில் தங்கிப் படிக்கப் போகிறாள் என்று சொல்லி என்னை அப்பாவோடு அனுப்பிவிட்டார். ரிக்சாவில் ஏறும்போது, வீட்டில் போய் இப்படிப் பேசாதே என்று மட்டும் சொன்னார். எனக்கு உடனே மாறவில்லை. ஒரு வாரம் அந்தப் பேச்சுப் பேசி அம்மாவிடம் அடி வாங்கினேன்.

அத்தை பிடிபடவில்லை. மேலும் இரண்டு வருடம் அதே கடையில் சின்னம் தைத்தார். போர் முடிந்த மறுவருடம் அப்பாவும் நானும் குவாங் ஙாய்க்குப் போய் அவரைப் பார்த்தோம். எனக்கு அப்போது பதினாறு வயது. வள்ளிக்கிழங்கு அவித்துக்கொடுத்தார். அப்பா வெளியே போயிருந்தபோது, எதற்கோ பேச்சுவாக்கில் சொன்னார்:

"ஒனக்குச் சொல்லிக்குடுத்தேம் பாரு, அதுலேர்ந்து அவ கொரலு எனக்கு வரவே மாட்டேங்கி. நெனச்சுப் பாத்தா ஒன் கொரலுதாம் கேக்கு."

மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை அசைத்து, உன் மேல் என்ன தப்பு, நீ பிழைக்க வேண்டாமா, நான் பிழைக்க வேண்டாமா என்றார். தட்டில் இன்னொரு கிழங்கு வைத்துவிட்டு, என் அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.